ஒலி கேட்டால் திறக்கவும்

இப்போது மீட்பு கிரேன் ஓட்டுகிறவர்கள் கையில் ரிமோட் வந்துவிட்டது. கவிழ்ந்த வண்டியிலிருந்து நாலு தென்னை மரத் தூரம் தள்ளி நின்றுகொண்டு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. சட்டையில் கிரீஸ் படுவதில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். என் முதுகெலும்பு இன்றைக்கு இருக்கிற நிலைமையில், அந்த ரிமோட் எனக்குக் கிடைக்காமல் போயிற்றே என்ற பொறாமைதான் இருக்கிறது.

போன மாதம் எங்கள் கிரேன் சங்கக் கூட்டத்தில் ஓய்வு பெற்றவன் என்று என்னையும் மேடையில் உட்காரவைத்துத் துண்டு போர்த்தினார்கள். கீழேயிருந்து ஒரு ஆபரேட்டர் எழுந்து, "ஏனுங்ணா, தூக்கறதுக்கு முன்னால நீங்க வண்டியத் தட்டிப் பாப்பீங்களாமா? அதென்ன, தேங்காய் வாங்கறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பழக்கதோஷம் என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மைக்கில் சொல்கிற விஷயம் இல்லை அது. வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த வழி எல்லோருக்கும் தெரிந்த வழிதான். நாமக்கல் லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர், அப்புறம் கல்யாணம் ஆகி வெளிமாநில ஓட்டம் வேண்டாம் என்று வீட்டில் சண்டை. மல்லசமுத்திரத்தில் முத்தண்ணன் கிரேன் வைத்திருந்தார். அவரிடம் சேர்ந்தேன். வயதாகி இறங்கும் வரைக்கும் அவரிடமே இருந்தேன்.

முத்தண்ணனைப் போல ஒரு முதலாளியிடம் வேலை செய்தால் சீக்கிரம் பைத்தியம் பிடிக்கும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். விபத்து நடந்த இடத்துக்குப் பறந்துகொண்டு போவார். போய் இறங்கியதும் தோளில் இருக்கும் துண்டைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிடுவார். வண்டியைக்கூட முதலில் பார்க்க மாட்டார். மண்ணைப் பார்ப்பார், சரிவைப் பார்ப்பார், மேலே கரண்டு கம்பி போகிறதா என்று பார்ப்பார். சுற்றி நிற்கிற கூட்டம் வாய்க்கு வந்தபடி திட்டும். அவர் காதில் எதுவும் விழுந்த மாதிரியே தெரியாது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டால் அதற்கப்புறம் ஒரு சொல் வீணாக வராது. "அங்க மாட்டு. இங்க மாட்டு. தட்டு." அவ்வளவுதான்.

அந்தத் தட்டுவதுதான் அவருடைய முக்கியமான சட்டம். வண்டி எதுவானாலும் கிரேன் பெல்ட்டு மாட்டிய பிறகு, தூக்குவதற்கு முன்னால், ஸ்பேனரால் பாடியைத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எல்லோரையும் இறக்கியாச்சு என்று போலீஸ்காரரே சொன்னாலும் தட்ட வேண்டும். நான் சேர்வதற்கு முன்னால் அவர் தூக்கிய ஒரு லாரியில், சீட்டுக்குப் பின்னால் ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அது அந்த லாரி டிரைவருக்கே தெரியாது. கவிழ்ந்தபோது பிழைத்த ஆள், கிரேன் இழுத்த இழுப்பில் போய்விட்டார் என்று முத்தண்ணன் நம்பினார். அப்படித்தானா என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது நிச்சயம்.

இனி, அந்தத் தட்டுதலை நான் கடைசி வரை விடாததற்குக் காரணமான காருக்கு வருகிறேன்.

அர்த்தநாரி அண்ணன் எங்கள் பக்கத்து ரிக் ஓனர். போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே பல மாநிலம் சுற்றியவர். ஒரு மலைப்பாதையில் இவர் ஜீப் ஓட்டிக்கொண்டு முன்னால் போக, இவருடைய ரிக் வண்டி பின்னால் வந்திருக்கிறது. ஒரு வளைவில் ஜீப்பின் கதவு தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூடப் பிறந்த தம்பி ரோட்டில் விழுந்துவிட்டார். பின்னால் வந்த சொந்த ரிக்கே அவர்மேல் ஏறிவிட்டது.

தம்பியை அடக்கம் பண்ணிவிட்டு ஊருக்கு வந்தவருக்குக் கதவு என்றாலே ஆகாமல் போயிற்று. பஸ்ஸில் ஏற மாட்டார். யார் காரிலும் உட்கார மாட்டார். அப்புறம் அந்தப் பழைய ஜீப்பையே நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய், மேலே இருந்ததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, "எந்தக் காலத்துலயும் தானாத் தொறக்காத கதவு வெச்சு ஒரு காரு கட்டிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்கு லாரி கட்டத்தான் தெரியும். லாரி மாதிரியே கட்டிக் கொடுத்தார்கள்.

முன்னால் பார்த்தால் லாரி, பக்கத்தில் பார்த்தால் பால் வண்டி, பின்னால் பார்த்தால் பீரோ. ஊரில் அதற்குப் பீரோ என்றே பேர் நிலைத்துவிட்டது. ரிக்குக்கு அடிக்கிற மஞ்சள் பெயிண்ட். ஜன்னல்களுக்கு லாரி கேபினில் போடுகிற பட்டைக் கம்பி. மொத்த வண்டிக்கும் இடது பக்கம் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. லாரியின் பின்பலகைக்கு என்ன வைப்பார்களோ அதுவேதான்: கதவில் ஒரு வளையம், பாடியில் ஒரு வளையம், இரண்டையும் சேர்த்து வெளியிலிருந்து செருகுகிற விரல் பருமன் இரும்புக் கொண்டி. லாரிகளின் பின்னால் ஒலி எழுப்பச் சொல்லி எழுதியிருப்பார்கள் அல்லவா? இவர் தன் கதவின்மேல் "ஒலி கேட்டால் திறக்கவும்" என்று எழுதி வைத்திருந்தார்.

உள்பக்கம் ஒன்றுமே வைக்காமல் எப்படி விட்டீர்கள் என்று பட்டறை மேஸ்திரியிடம் எல்லாம் முடிந்த பிறகு நான் கேட்டேன். "அவரு வேண்டாம்னாருங்க. எங்களுக்கும் தோணலீங்க. சரக்கு என்னைக்குங்க உள்ளாற இருந்து தொறந்துச்சு?" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

தினமும் காலையில் அர்த்தநாரி அண்ணனின் வீட்டம்மா பாவாயக்கா அவரை ஏற்றிக் கொண்டி போட்டு அனுப்புவார். எங்கள் கிரேன் ஷெட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் வந்து நிறுத்தி ஹாரன் அடிப்பார். யாராவது போய்க் கொண்டியை எடுத்து விடுவோம். பெரும்பாலும் நான்தான். இறங்கி டீ குடித்துவிட்டு ஏறும்போது, "நல்லா இறுக்கிப் போடு சாமி" என்பார். சரியாகப் போட்டிருக்கிறேனா என்று உள்ளேயிருந்து தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்ப்பார். கதவு அசையாது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். எங்களுக்கு அது தினசரி வேடிக்கை.

ஒருநாள் கேட்டேன். "ஆளில்லாத எடத்துல மாட்டிக்கிட்டீங்கன்னா என்னங்ணா பண்ணுவீங்க?"

"ஆளில்லாத எடத்துல எனக்கென்ன எறங்கற வேலை?" என்றார். "ஆளிருக்கற எடத்துலதான எறங்கப் போறேன். ஹாரன் அடிச்சா ஒருத்தன்கூடவா வந்து எடுத்து உட மாட்டான்?"

நியாயமாகத்தான் பட்டது. அவர் விஷயத்தில் எந்தக் கிறுக்குத்தனத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

ஐப்பசி மழையில் கிணறுகள் நிறைந்திருந்த சமயம். முற்பகலில் முத்தண்ணனுக்குப் போன் வந்தது. அவர் போனை வைத்துவிட்டு, "பீரோ கெணத்துல உழுந்துருச்சு" என்றார். டீக்கடையில் அன்றைக்கு ஹாரன் கேட்கவில்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குச்சிக்கிழங்கு பயிரிட்ட காட்டுக்கு நடுவே ரோட்டை ஒட்டிய கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லை. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் கேட்டு ஓடி வந்து, ரோட்டில் போன ஆளை நிறுத்திப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். "ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்துதுங்க. நான் என்னத்தக் கண்டேன், எறங்கறதுக்குப் படியே இல்லீங்களே. அப்பறம் ஹாரனும் நின்னு போச்சுங்க" என்று எங்களைக் கும்பிட்டபடியே சொன்னார்.

எட்டிப் பார்த்தேன். மூக்கு தண்ணீருக்குள், வால் மேலே. மேல்பாதி இடிந்துபோன பழைய பாறைப் படிகளின்மேல் பின்பக்கம் சிக்கி நின்றது. வண்டி முழுக்க இடது பக்கமாகக் கிணற்றுச் சுவர்மேல் சாய்ந்திருந்தது. கதவும் கொண்டியும் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தன. விரல் நுழைய இடமில்லை.

முத்தண்ணன் துண்டை விரித்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்கும் அவர்மேல் ஆத்திரம் வந்தது. அவர் நிமிராமலே, "தட்டு" என்றார். பெல்ட்டு மாட்டுவதற்கு முன்னாலேயே தட்டச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

கயிற்றைப் பிடித்து இறங்கி, பின்தகட்டில் ஸ்பேனரால் தட்டினேன். உள்ளேயிருந்து திருப்பித் தட்டும் சத்தம் வந்தது. மேலே செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் கிணற்றோரம் நெருக்கியடித்து எட்டிப் பார்த்தது.

வலது பக்க ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். தண்ணீர் அவர் நெஞ்சு வரைக்கும் இருந்தது. ஸ்டீரிங் அவர் இடுப்பைச் சீட்டோடு சேர்த்து நெருக்கியிருக்க, மேலுடம்பு இடது பக்கக் கதவின்மேல் சரிந்திருந்தது. கையில் வீல் ஸ்பேனர். உதட்டில் ரத்தம்.

"ஆரு?"

"குமரேசனுங்ணா."

"கிரேனு குமரேசனா? நல்லதாப் போச்சு. கொண்டிய எடுத்து உடு சாமி. நெஞ்சு வலிக்குது."

டீக்கடையில் சொல்கிற அதே குரலில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதா எடுத்தரனுங்ணா" என்றேன்.

கேஸ் கட்டரை எடுக்கலாமா என்று மேலே பார்த்துக் கேட்டேன். தண்ணீரில் டீசல் மிதந்தது. முத்தண்ணன் தலையை ஆட்டிவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் இறங்கி வந்து ஜன்னல் பட்டையை ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார். லாரி பாடி கட்டுகிறவர்கள் போட்ட பட்டை, லேசில் அறுபடுமா? வண்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் பிரித்தால்தான் கதவுக்குக் கை போகும். பின் அச்சில் ஒரு பெல்ட்டு மாட்டினேன். முன் அச்சு தண்ணீருக்குள் இருந்தது. மூச்சுப் பிடித்து முங்கி, சேற்றில் தடவி, அதிலும் மாட்டினேன். மேலே முத்தண்ணனே லீவரைப் பிடித்தார். அவர் தூக்கியது எனக்கே தெரியாத அளவுக்கு மெதுவாகத் தூக்கினார். வண்டி சுவரை விட்டு ஒரு முழம் விலகித் தொங்கியது.

கையை விட்டேன். வளையம் கிடைத்தது, கொண்டியும் கிடைத்தது. பிடித்து இழுத்தேன், வரவில்லை. சுத்தியலால் கீழிருந்து அடித்தேன். அப்போதும் வரவில்லை.

லாரியில் சுமை இறக்குகிறவர்களுக்கு இது தெரியும். சரக்கு பின்பலகைமேல் சாய்ந்திருந்தால் கொண்டியை உருவ முடியாது. சாயச் சாய வளையங்கள் இரண்டும் கொண்டியைக் கடித்துக்கொள்ளும். பலகை தெறித்துவிடக் கூடாது என்றுதான் அப்படி வைப்பதே. ஒருத்தர் தோள் கொடுத்துப் பலகையை உள்ளே தள்ளினால்தான் இன்னொருத்தர் உருவலாம். இங்கே வண்டி இடது பக்கம் சாய்ந்து தொங்கியது. உள்ளே இருந்த தண்ணீர், ஸ்டெப்னி, அர்த்தநாரி அண்ணன் எல்லாமே கதவின்மேல்தான் சாய்ந்திருந்தன. நான் எவ்வளவு தோள் கொடுத்தாலும் அந்தக் கனத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

"அண்ணா, கதவு மேல சாயாதீங்க. அக்கட்டால நவுருங்க" என்று கத்தினேன்.

"நவுர முடியல சாமி. ஸ்டீரிங்கி புடிச்சிருக்குது."

மேலே பார்த்து, "கடிச்சுக்கிச்சுங்ணா" என்றேன். முத்தண்ணனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வண்டியை இறக்கி, பெல்ட்டுகளைக் கழற்றி, வலது பக்கம் சாய்கிற மாதிரி மாற்றி மாட்டித் தூக்க வேண்டும். வேறு வழி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. தூக்கிய வண்டியைத் திரும்ப இறக்குவதைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தார்கள். "அப்படியே இழுத்துக் கரையில போடய்யா. ஆளக் கொன்னு போடாத." அவருடைய தாயை இழுத்துப் பேசினார் ஒருத்தர். முத்தண்ணன் லீவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியே இழுத்திருந்தால் வால் மேலே போய், உள்ளே இருந்த தண்ணீர் முழுக்க அவர் தலைக்குமேல் வந்து நின்றிருக்கும்.

வண்டி கீழே போவது உள்ளே இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது.

"எறக்கறீங்களா?"

"ஒருக்கா எறக்கித் திருப்பிப் போடறோமுங்ணா."

"எடுத்து உடாமயா போறீங்க?"

"போகலீங்ணா. இங்கயேதான் இருக்கறேன். தட்டிக்கிட்டே இருங்க."

"செரி" என்றார்.

தீயணைப்பு வண்டி வேறொரு விபத்திலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்தது. அவர்கள் ஆட்கள் ரெண்டு பேர் என்னோடு தண்ணீரில் இறங்கினார்கள். முன் அச்சின் பெல்ட்டு சேற்றில் சிக்கிக்கொண்டு கழல மாட்டேன் என்றது. முங்கி முங்கி எழுந்தோம். ஒவ்வொரு தடவை தலையை வெளியே எடுக்கும்போதும் அவர் தட்டுகிற சத்தம் காதில் விழுந்தது. தகரத்தில் தட்டுகிற சத்தம் கிணற்றுக்குள் ரொம்பப் பெரிதாகக் கேட்கும். கடைசியாக மாட்டி முடித்து எழுந்தபோது காதில் தண்ணீர் அடைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

முத்தண்ணன் தூக்கினார். இந்தத் தடவை வண்டி வலது பக்கம் சாய்ந்து, கதவு மேல்பக்கமாக வந்தது. நான் தட்டினேன். காது கொடுத்தேன். இன்னொரு தடவை தட்டினேன்.

"கொண்டியப் பாரு" என்றது மேலேயிருந்து முத்தண்ணன் குரல்.

ரெண்டு விரலால் பிடித்து இழுத்தேன். டீக்கடை வாசலில் எப்படி வருமோ அப்படியே வந்தது.

தீயணைப்பு ஆட்கள் ஸ்டீரிங்கை நெம்பி விலக்க, அர்த்தநாரி அண்ணனை வெளியே எடுத்துக் கரை சேர்த்தோம். ஆஸ்பத்திரியில் நெஞ்செலும்பு உடைந்து உள்ளுக்குள் ரத்தம் போயிருக்கிறது என்றார்கள். சீக்கிரம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். பிழைத்தும் இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த "இருக்கலாம்" என்னை இன்றைக்கும் விடவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? மண்ணில் பிரேக் பிடித்த தடம் இல்லையாம், தம்பி போனதிலிருந்து அவருக்குப் புத்தி சரியில்லையாம், தானாகத்தான் கிணற்றில் கொண்டுபோய் விட்டாராம். மழை பெய்த மண்ணில் எந்தத் தடம் நிற்கும்? இருந்தாலும் பேசினார்கள்.

போலீஸ் வேலையெல்லாம் முடிந்து பீரோ எங்கள் ஷெட்டிலேயே வெயிலில் கிடந்தது. கோயமுத்தூரில் இருக்கும் மகன் காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொன்னார். லாரி வந்து நின்ற காலையில் பாவாயக்கா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"சாமி, அந்தக் கதவ ஒருக்கா எனக்குத் தொறந்து காட்டோணும்" என்றார்.

திறந்தேன். வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தார். "உள்ளாறயும் ஒரு கொண்டி வெச்சுட்டேன், அவசரத்துக்கு எடுத்துக்குவேன், நீ பயப்படாமப் போடுன்னு சொன்னாருங்க. அத நம்பித்தான் தெனமும் போட்டு உட்டேன். ஹாரன் அடிக்கறதெல்லாம் வெளையாட்டுக்குன்னு நெனச்சேன். உள்ளாற கொண்டி இருந்தும் எடுக்கலீன்னா, ஊருல பேசறது நெசமாத்தான இருக்கோணும்?"

அவர் கம்பியைப் பிடித்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். அத்தனை வருசத்தில் அந்தக் காருக்குள் அவர் உட்கார்ந்ததே இல்லை. இன்னொரு உயிரை ஏற்றிக்கொண்டு போக மாட்டேன் என்று அர்த்தநாரி அண்ணன் யாரையுமே ஏற்றியதில்லை. கதவைச் சாத்தச் சொன்னார் பாவாயக்கா. சாத்தினேன். கொண்டி போட மனசில்லாமல் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கதவின் உள்பக்கத்தை மேலிருந்து கீழாக அவர் தடவுவது கம்பி வழியாகத் தெரிந்தது. வழவழவென்று வெறும் தகடு. நடுவில் மட்டும் வீல் ஸ்பேனரால் அடித்த குழிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, தகடு வெளுத்துப் போகிற அளவுக்கு. விரலை ஒவ்வொரு குழியிலும் வைத்து வைத்து எடுத்தார். அப்புறம் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினார். என் கைக்கு அவர் கனம் தெரிந்தது.

விரல் முட்டியால் தட்டினார். உடனே திறந்துவிட்டேன்.

"வெளிய வரோணும்னுதான் இருந்திருக்கறாரு" என்றார்.

"ஆமாங்கக்கா. கொண்டிய எடுத்து உடுன்னு எங்கிட்ட கேட்டாருங்க."

"நாந்தான் போட்டேன்."

"நாந்தானுங்க எடுத்தேன். நேரமாகிப் போச்சுங்க."

அவர் இறங்கி வந்து ஷெட்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டார். காயலான் கடைக்காரர் அவசரப்படுத்தினார். பெல்ட்டு மாட்டினேன். முத்தண்ணன் வந்தார். அன்றைக்குத் துண்டை விரிக்கவில்லை. ஸ்பேனரை என்னிடம் கேட்காமல் அவரே எடுத்து, அந்தக் காலி வண்டியின் பக்கத் தகட்டில் தட்டினார். தட்டிவிட்டு, எப்போதும்போலத் தலையைச் சாய்த்து நின்றார். காயலான் கடைக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்து, பாவாயக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாங்கள் நாலு பேரும் காது கொடுத்து நின்றோம்.

"தூக்கச் சொல்லுங்க சாமி" என்றார் பாவாயக்கா.